முதல் ஜெட்டுக்கு எது: ப்ரொப்பெல்லரா, ஃபேனா, டர்பைனா?

டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் மச்சினன் இரண்டு வருடமாக ரிமோட்டில் ஓட்டும் மாடல் விமானம் பறக்கவிடுகிறான், பழகுபவர்களுக்கான ட்ரெய்னர் வகை. தரையிறக்குவது அவனுக்கு இப்போது கைவந்துவிட்டது. போன வாரம் போனில், "அத்தான், ஜெட்டுக்குப் போகலாம்னு இருக்கேன், எதை வாங்கட்டும்?" என்றான். ஜோகன்னஸ்பர்கில் எனக்குச் சரிப்பட்டது டர்பனில் உனக்கு அப்படியே சரிப்படாது என்று ஆரம்பித்தேன், பேச்சு ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

ஜெட் உருவத்தில் மூன்று வகை கிடைக்கிறது. ஃபோம் உடம்பில் ஒரு வெட்டு வைத்து, அதற்குள் சுழலும் ப்ரொப்பெல்லரால் தள்ளுவது முதல் வகை. உடம்புக்குள் இருக்கும் குழாயில் பல இதழ் விசிறி சுற்றுவது இரண்டாவது, இதைத்தான் இ.டி.எஃப். என்கிறோம். மூன்றாவது, மண்ணெண்ணெய் எரிக்கும் நிஜ டர்பைன்.

விலையும் சத்தமும் எல்லோரும் பேசுவதுதான். நான் முதலில் பார்ப்பது வேறு: ரிமோட்டில் விசையைக் கூட்டும் த்ராட்டில் குச்சியைத் தள்ளினால் எவ்வளவு நேரத்தில் விசை வருகிறது?

ப்ரொப்பெல்லர் உடனே பதில் சொல்லும். வெட்டுக்குப் பின்னால் இருக்கும், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் பலகை மீது அதன் காற்றும் அடிப்பதால், வேகம் குறைந்தாலும் விமானம் ஓரளவு கைக்குள் நிற்கும். இ.டி.எஃப். விசிறி வேகம் பிடிக்க ஒரு கணம் எடுக்கும். அதன் காற்று குழாய் வழியாக நேராகப் பின்னால் போய்விடுகிறது, இறக்கையையும் வாலையும் தொடுவதில்லை. விமானம் ஓடினால்தான் அவற்றுக்குக் காற்று. டர்பைன் ஐடில் என்னும் மிகக் குறைந்த சுழற்சியில் இருந்து முழு விசைக்கு வர மூன்று, நான்கு விநாடிகூட ஆகலாம். ரன்வே முனையில் தாழ்ந்து வந்த பிறகு தள்ளினால் அந்த நான்கு விநாடி கிடைக்காது.

என் முதல் இ.டி.எஃப். இதில்தான் போனது. மிட்ராண்ட் பக்கம் ஒரு மைதானம், காற்றே இல்லாத காலை. மூன்று சுற்று அழகாகப் பறந்தது. இறங்கும்போது ட்ரெய்னர் பழக்கத்தில் த்ராட்டிலை முழுதாக மூடினேன். இடது இறக்கை சரிந்தது. உடனே தள்ளினேன், விசிறி அலறியது, ஆனால் விசை வருமுன் மூக்கு புல்லில் இருந்தது. அன்று முதல், சக்கரம் தரையைத் தொடும்வரை மூன்றில் ஒரு பங்கு த்ராட்டிலாவது வைத்தே இறக்குகிறேன். ஜெட்டை விசையோடு ஓட்டிக்கொண்டு வந்துதான் இறக்க வேண்டும்.

இப்போது ஊருக்கு வருவோம். ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. கோடைப் பிற்பகல் 30 டிகிரி வெயிலில் அது 20 சதவீதத்தையும் தாண்டும். விசிறிக்கு அள்ளித் தள்ளக் காற்று குறைவு, இறக்கைக்கும் அப்படியே. அதனால் தரையை விட்டு எழும் வேகமும், இறங்கும் வேகமும், இறக்கை தூக்கும் சக்தியை இழந்து ஸ்டால் ஆகும் வேகமும் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடிவிடும். கடல் மட்டத்தில் இருக்கும் டர்பனில் பாதி ரன்வேயில் எழும் 70 மில்லிமீட்டர் விட்ட விசிறி ஜெட், இங்கே ரன்வே முடியும்வரை ஓடும். நானும் மச்சினனும் ஒரே மாடலை இரண்டு ஊரிலும் ஓட்டிப் பார்த்திருக்கிறோம், டர்பனில் அது வேறு விமானம் போலவே மிதந்து வந்தது. ஹைவெல்ட் என்னும் இந்த மேட்டுநிலத்தில் இருப்பவர்கள் 80 மில்லிமீட்டர் விசிறி, ஆறு செல் கொண்ட 6எஸ் பேட்டரி என்று ஒரு படி மேலே போவது நல்லது. குளிர்காலக் காலையில் இங்கே லைப்போ பேட்டரி சில்லிட்டிருந்தால் வோல்ட்டேஜ் சட்டென்று இறங்கும், காருக்குள் சூடாக வைத்திருந்து கடைசி நிமிடத்தில் மாட்டுங்கள்.

பறக்கும் நேரமும் கொஞ்சம்தான். 4,000 மில்லியாம்பியர் பேட்டரியில் சராசரி 80 ஆம்பியர் இழுத்தால் மூன்றே நிமிடத்தில் காலி. ஓர் இறக்கம் தவறி மறுபடி சுற்றி வரவும் சார்ஜ் மிச்சம் இருக்க வேண்டும். அதனால் முதல் நாள் டைமரை இரண்டரை நிமிடத்தில் வையுங்கள். ப்ரொப்பெல்லர் வகை அதே பேட்டரியில் தாராளமாக இரண்டு மடங்கு நேரம் பறக்கும்.

அடுத்தது தரை. புல் மைதானம்தான் இருக்கிறது என்றால் சின்னச் சக்கர இ.டி.எஃப். உங்களைப் படுத்தும். புல்லில் சக்கரம் சிக்கும், உறிஞ்சும் வாயில் தூசும் துரும்பும் போகும். ப்ரொப்பெல்லர் ஜெட்டைக் கையால் எறிந்து, வயிற்றால் இறக்கிவிடலாம். ஆனால் எறியும் கை ப்ரொப்பெல்லருக்கு முன்னால் இருக்கிறது. விமானம் கையை விட்டுப் போன பிறகே த்ராட்டில். இதில் அவசரம் விரலைக் கேட்கும்.

டர்பைனைப் பற்றி நிறையச் சொல்லப்போவதில்லை. எனக்கு அதன் மீது பெரிய ஆசை, அந்த வாசனைக்காகவே மற்றவர்கள் பறக்கவிடும்போது பக்கத்தில் போய் நிற்பேன். ஆனால் வெளியேறும் வாயு 500 டிகிரியைத் தாண்டும். ஜூலை, ஆகஸ்டில் ஹைவெல்ட் புல் காய்ந்த வைக்கோல். அங்கே ஒரு டர்பைன் விழுந்தால் பற்றிக்கொள்ளும், பிறகு காற்று பார்த்துக்கொள்ளும். தீயணைப்பான், துணைக்கு ஒரு ஆள், அனுபவசாலியின் மேற்பார்வை எல்லாம் வேண்டும். முதல் ஜெட்டாக அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். எந்த வகையானாலும், தென்னாப்பிரிக்க மாடல் விமானச் சங்கமான சாமாவில் சேர்ந்து கிளப் மைதானத்தில் ஓட்டுங்கள்.

உருவமும் முக்கியம். மச்சினனுக்குச் சீட்டா போர் விமானத்தின் மாடல் மீது கண். அதன் முக்கோண டெல்டா இறக்கை மூக்கைத் தூக்கினால் இழுவை திடீரென்று கூடும், வேகம் கரைவது தூரத்தில் இருந்து தெரியாது. அதற்குப் பதில் இம்பாலாவைப் பார் என்றேன். இத்தாலிய எம்பி-326 விமானத்தை இங்கே அட்லஸ் நிறுவனம் கட்டிய பயிற்சி ஜெட் அது. நேரான இறக்கை, நுனியில் எரிபொருள் தொட்டி, விமானப்படை தன் பைலட்களை அதில் ஜெட்டுக்குப் பழக்கியது. நிஜத்தில் பழக்கிய அந்த நேர் இறக்கை மாடலிலும் மன்னிக்கும்.

கடைசியில் அவனுக்குச் சொன்னது இது. கடல் மட்டத்தில் இருக்கிறாய், உன் கிளப்பில் தார் ரன்வே இருக்கிறது. ப்ரொப்பெல்லர் படியைத் தாண்டி, நேர் இறக்கை 70 மில்லிமீட்டர் இ.டி.எஃப். வாங்கு. நான் டர்பனில் இருந்தால் அதைத்தான் வாங்குவேன். இங்கே புல் மைதானத்தில் ஓட்டும் ஒரு தம்பிக்கு ப்ரொப்பெல்லரைத்தான் சொல்லியிருக்கிறேன்.

முதல் பறத்தலில் உயரத்துக்குப் போய், விசையைக் குறைத்து, எந்த வேகத்தில் இறக்கை சரிகிறது என்று பார்த்துக்கொள், அப்புறம் இறங்க வா என்றேன். "நீங்க பக்கத்துல நில்லுங்க அத்தான்" என்றான். ஜூலை விடுமுறைக்கு டர்பன் போகிறேன்.