1420இல் கட்டிய விடுதியில் இரண்டு ராத்திரி

மதுரையில் பழைய மரம் வாங்கி விற்கிறேன். காரைக்குடிப் பக்கம் இடிக்கிற வீடுகளின் தூண், நிலை, உத்திரம் எல்லாம் என் கடைக்கு வரும். அது தெரிந்துதான் லண்டனில் இருக்கும் என் மகன், "அப்பா, இது உங்களுக்குன்னே கட்டின இடம்" என்று சொல்லி, ரை என்கிற சின்ன ஊரில் உள்ள மெர்மெய்ட் இன் விடுதியில் எங்களுக்கு அறை போட்டான். திரும்பி வந்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்கள், "அண்ணே, ஃபைவ் ஸ்டாரா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கணக்கில் அளக்கிற இடம் இல்லை அது.

பிரெஞ்சுக்காரர்கள் 1377இல் வந்து ஊரையே கொளுத்திவிட்டுப் போனார்கள். இந்த விடுதியைத் திரும்பக் கட்டியது 1420இல். நம் திருமலை நாயக்கர் மகாலுக்கே 1636தான். விடுதிக்கு அடியில் இருக்கும் நிலவறை 1156ஆம் வருஷத்தது என்கிறார்கள்.

அறைக்குள் போனதும் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, சுவரில் ஓடும் உத்திரத்தில் கை வைத்தேன். ஓக் மரம், கருத்துப் போய் இரும்பு மாதிரி இருக்கிறது. உள்ளங்கையை நகர்த்தினால் வாய்ச்சியால் செதுக்கிய பள்ளங்கள் அலை அலையாகத் தட்டுப்படுகின்றன. இரண்டு மரம் சேரும் இடத்தில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு மர ஆணி, தலை லேசாகத் துருத்திக்கொண்டு. ஓக்கில் இருக்கும் துவர்ப்பு இரும்பை அரித்துவிடும், அதனால் மரத்தோடு மரத்தைப் பூட்ட மர ஆணிதான். நாம் தேக்கை வருஷக்கணக்கில் காயவிட்டு வேலை செய்வோம். அங்கே ஓக்கைப் பச்சையாகவே அறுத்துப் பூட்டிவிடுவார்கள். காயக் காய அது இறுகி ஆணியைக் கவ்விக்கொள்ளும், கூடவே முறுக்கியும் கொள்ளும். தரை சாய்வாக இருப்பது அதனால்தான். என் மனைவி கீழே வைத்த மாத்திரை டப்பா தானே உருண்டு கட்டிலுக்கு அடியில் போய் நின்றது.

காலைச் சாப்பாடு முட்டை, காளான், சுட்ட தக்காளி, ரொட்டி. நன்றாக இருந்தது.

சாயங்காலம் கீழே அந்தப் பெரிய கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். 1740களில் ஹாக்ஹர்ஸ்ட் கும்பல் என்கிற கடத்தல்காரர்கள் குண்டு போட்ட துப்பாக்கியை மேஜையில் வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்து குடிப்பார்களாம். அவர்கள் கடத்தியதில் முக்கியமான சரக்கே தேயிலைதான், வரி அவ்வளவு கடுமை. 1784இல் வரியைக் குறைத்த பிறகுதான் அந்தத் தொழில் படுத்தது.

எனக்கு அங்கே நம் மதுரை ஜங்ஷனுக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரம் ஞாபகம் வந்தது. வழிப்போக்கர் தங்கத்தான் அதையும் கட்டினார்கள். ரையில் அறுநூறு வருஷக் கட்டடத்தில் இன்னும் படுக்கை விரிக்கிறார்கள், விறகு போடுகிறார்கள், ஓடு உடைந்தால் அன்றைக்கே மாற்றுகிறார்கள். நம் காரைக்குடிப் பக்கத்து வீடுகளைப் பூட்டிப் போட்டுவிட்டு வாரிசுகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஒரு ஓடு நகர்ந்தால் போதும், தண்ணீர் இறங்கி, சுவருக்குள் போகும் உத்திரத்தின் முனைதான் முதலில் இற்றுப்போகும். அப்புறம் லாரியில் ஏறி என் கடைக்கு வரும். பர்மா தேக்கு, நடுப்பாகம் முழுக்க நல்ல வைரமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரியும்.

மகனைப் பார்க்க லண்டன் போகிறவர்கள் ஒரு ராத்திரியாவது இங்கே தங்குங்கள். செயின்ட் பாங்க்ரஸில் ரயில் ஏறி ஆஷ்ஃபர்டில் மாற வேண்டும். விடுதி இருக்கும் தெரு கல் பாவிய ஏற்றம், சக்கரப் பெட்டி உருளாது. தோளில் மாட்டுகிற பையாகக் கொண்டுபோங்கள். முட்டி வலி உள்ளவர்கள் அறை போடும்போதே எத்தனை படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் போனது அக்டோபரில். அந்தக் குளிரில்தான் கணப்பு எரியும். அந்தச் சூட்டில் ஓக்கிலிருந்து கிளம்பும் வாசனை நம் ஊர்ப் பழைய பத்தாயத்தைத் திறந்தால் வருகிற வாசனையேதான்.