மூன்று ஜாடி விரைவு ஸ்டெயின்: கால்நடை ரத்த ஸ்மியருக்கு எதுவரை நம்பலாம்?

நாய், பூனை பார்க்கும் கிளினிக்குகளில் மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் பெரும்பாலும் மூன்று ஜாடிகள் வரிசையாக நிற்கும். கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாக இழுத்த ரத்தப் படலத்துக்கு (ஸ்மியர்) நிறமேற்றும் ஸ்டெயின் கிட் இது. ஒன்றில் மெத்தனால், அடுத்ததில் சிவப்பு, கடைசியில் கருநீலம். டிஃப்-குவிக் என்ற பிராண்ட் பெயரே இந்த வகைக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. அதே முறையில் பல நிறுவனங்கள் கிட் தயாரிக்கின்றன. இங்கே எடைபோடுவது அந்த வகை முழுவதையும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நோயாளி மேசையில் இருக்கும்போதே பதில் வேண்டிய கேள்விகளுக்கு இதைவிட வசதியான ஸ்டெயின் கிடையாது. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் போதுமா, கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுவான நியூட்ரோஃபில் ஏறியிருக்கிறதா, அதன் முதிராத வடிவமான பேண்ட் செல் வந்துவிட்டதா, சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணி தெரிகிறதா என்பதற்கெல்லாம் இது போதும். மாஸ்ட் செல் (துகள் நிறைந்த, கட்டியாகவும் வளரும் செல்), பேஸோஃபில் (ஒரு வகை வெள்ளையணு), பாலிக்ரோமேஷியா (இளம் சிவப்பணுவின் நீலச்சாயல்) போன்றவற்றில் இதை நம்பி ரிப்போர்ட் எழுதக் கூடாது. கிட் சரியில்லை என்று வரும் புகார்களைத் தோண்டினால், பெரும்பாலும் கோளாறு ஜாடியை வைத்திருக்கும் விதத்தில்தான் இருக்கும்.

ஆய்வகங்களில் போடும் லீஷ்மன் ஸ்டெயினில் இயோசின் என்ற சிவப்புச் சாயமும் நீலச் சாயமும் ஒரே மெத்தனாலில் கலந்திருக்கும். பஃபர் (பிஹெச், அதாவது அமில-காரத் தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்) சேர்த்த பிறகுதான் நிறம் ஏறும், அதனால் நேரமும் பிஹெச்சும் நம் பொறுப்பு. இந்தக் கிட்டில் இரண்டும் தனித்தனி ஜாடி, பஃபரும் உள்ளேயே கலந்துவருகிறது. புதிதாகச் சேர்ந்த உதவியாளர்கூட ஒரே நாளில் பழகிவிடுவார். இன்னொரு லாபமும் உண்டு. ஸ்லைடைப் பார்த்துவிட்டு நியூக்ளியஸ் வெளிறியிருந்தால், எண்ணெய் வைக்கும் முன் மறுபடி நீலத்தில் நாலு முக்கு முக்கிக்கொள்ளலாம். லீஷ்மனில் அந்தச் சலுகை கிடையாது.

லேபிளில் ஒவ்வொரு ஜாடிக்கும் ஐந்து முக்கு, ஒரு முக்குக்கு ஒரு நொடி என்று போட்டிருக்கும். சிவப்புக்கு அது சரி. மெத்தனாலில் அவசரப்படக் கூடாது. ஒரு நிமிடம் முழுசாக விட்டால் செல்கள் திடமாக நிற்கும். நீலத்தில் 7 முதல் 10 முக்கு வரை போகலாம். ஒரு ஜாடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஸ்லைடின் கீழ் விளிம்பை டிஷ்யூ பேப்பரில் தொட்டு வடியவிட வேண்டும். கடைசியில் டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, நிமிர்த்தி வைத்து உலரவிட வேண்டும். போர்வெல் தண்ணீரில் அலசினால், அதன் காரத்தன்மை ஸ்மியர் முழுவதையும் நீலமடிக்க வைக்கும். பல இடங்களில் ஸ்டெயினைக் குறை சொல்வது இந்தத் தண்ணீரால்தான்.

ஸ்மியர் ஒழுங்காக இல்லாமல் எந்த ஸ்டெயினும் காப்பாற்றாது. துளி சிறியதாக இருக்கட்டும், 2 முதல் 3 மில்லிமீட்டர் போதும். இழுக்கும் ஸ்லைடு 30 முதல் 40 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். ரத்தசோகை நாயின் ரத்தம் தண்ணியாக ஓடும், அதற்குச் சாய்வைக் கூட்ட வேண்டும். நீர்ச்சத்து வற்றிக் கெட்டியானதற்குக் குறைக்க வேண்டும். இ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயைக் குறிப்பிட்ட கோடுவரை நிரப்பாவிட்டால் சிவப்பணுக்கள் சுருங்கி முள்முள்ளாகத் தெரியும். ரத்தம் குழாயில் மணிக்கணக்கில் கிடந்தால் நியூட்ரோஃபிலில் குமிழ் விழும், அதை டாக்ஸிக் மாற்றம் (கடும் அழற்சியின் அடையாளம்) என்று எழுதிவிடும் அபாயம் உண்டு. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஸ்மியர் போட்டுவிடுவது உத்தமம்.

இனி, ஜாடியில் எது கெடுகிறது என்ற விஷயம். முதலில் கெடுவது மெத்தனால். மூடி திறந்தே கிடந்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கலந்த மெத்தனாலில் முக்கிய ஸ்லைடில் சிவப்பணுக்களுக்குள் பளபளக்கும் வட்டங்களும் பூச்சி அரித்தது போன்ற ஓட்டைகளும் விழும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைப் பக்கம் இது அடிக்கடி தலைகாட்டும். சரியாகக் காயாத ஸ்மியரை மெத்தனாலில் விட்டாலும் இதே கோளாறுதான். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஸ்லைடின் பின்புறமிருந்து ஊதினால் அரை நிமிடத்தில் காய்ந்துவிடும். மெத்தனாலைக் குறைந்தபட்சம் வாரம் ஒருமுறை கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவது நல்லது. விலையும் மூன்றில் அதற்குத்தான் குறைவு, கஞ்சத்தனம் தேவையில்லை.

அடுத்து நீலம். சிவப்பு ஜாடியிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் இயோசின் ஒவ்வொரு ஸ்லைடிலும் கொஞ்சம் கொஞ்சமாக இதில் சேரும். நீலத்தின் வீரியம் இறங்கி, நியூக்ளியஸ் மங்கிய ஊதாவாகும். அடியில் வண்டலும் தங்கும். அந்த வண்டல் சிவப்பணுவின்மேல் போய் உட்கார்ந்தால் சிவப்பணுவைத் தாக்கும் பாக்டீரியாக்களான அனாப்ளாஸ்மா மாதிரியும், பூனையில் மைக்கோபிளாஸ்மா மாதிரியும் வேஷம் போடும். வாட்மன் நம்பர் 1 வடிதாளில் வடிகட்டினால் கொஞ்ச நாள் ஓடும். குறைந்த ஜாடியில் மேலே மேலே ஊற்றி நிரப்பும் பழக்கம்தான் இருப்பதிலேயே மோசம். பழைய அழுக்கு புதியதோடு கலந்து போய்க்கொண்டே இருக்கும். முழுதும் கொட்டி, ஜாடியைக் கழுவிக் காயவைத்து ஊற்ற வேண்டும்.

காது அழுக்கு, தோல் டேப், சீழ் ஸ்லைடுகளை ரத்த ஸ்மியர் ஜாடியில் முக்கவே கூடாது. மலசீசியா ஈஸ்டும் பாக்டீரியாவும் நீல ஜாடியில் தங்கிவிடும், பிறகு எந்த நாயின் ரத்தத்திலும் கிருமி தெரியும். இரண்டு செட் வைத்து, ஒன்றின் மூடியில் ‘அழுக்கு’ என்று மார்க்கரில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. பயாப்சி பாட்டில் இருக்கும் அலமாரியிலும் ஸ்டெயின் போடாத ஸ்மியரை வைக்கக் கூடாது. ஃபார்மலின் ஆவி பட்டால் செல்கள் பச்சை கலந்த நீலமாகி, பிறகு எந்தச் சாயமும் சரியாக ஏறாது.

சரி, எதில் இந்தக் கிட் கைகொடுக்கிறது? நாயின் பிளேட்லெட்டில் பிரமாதம். இளம் ஊதாத் துகள்களோடு பளிச்சென்று நிற்கும். 10எக்ஸ் லென்ஸில் முதலில் இறகு விளிம்பை (ஸ்மியர் மெலிந்து முடியும் ஓரம்) பார்த்து, பிளேட்லெட் கட்டிகள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத பகுதியில் 100எக்ஸ் எண்ணெயில் பத்து ஃபீல்டில் (லென்ஸில் ஒரே பார்வையில் தெரியும் வட்டம்) பிளேட்லெட்டை எண்ண வேண்டும். சராசரியை 15,000-ஆல் பெருக்கினால் தோராயக் கணக்கு வரும். சராசரி 3 என்றால் மைக்ரோலிட்டருக்கு சுமார் 45,000. உண்ணிக் காய்ச்சல் சந்தேகப்படும் நாயில் இந்த ஒரு எண்ணே வைத்தியத்தின் திசையை மாற்றும். வெள்ளையணுவுக்கு 40எக்ஸில் ஃபீல்டு சராசரியை 1,600-ஆல் பெருக்க வேண்டும்: 8 என்றால் 12,800. பூனையில் மட்டும் கவனம், பிளேட்லெட் கட்டிபிடிப்பது அதற்கு வாடிக்கை. மெஷின் குறைவு என்று காட்டினாலும் இறகு விளிம்பைப் பார்க்காமல் நம்பக் கூடாது.

தமிழ்நாட்டு நாய்களில் அடிக்கடி தேட வேண்டியிருப்பது உண்ணி பரப்பும் ரத்த ஒட்டுண்ணியான பபீசியா கிப்சோனி. கிட்டின் உண்மையான பரீட்சை இதில்தான். சிவப்பணுவுக்குள் 1 முதல் 3 மைக்ரான் அளவில் ஒரு மோதிரம், அதன் ஓரத்தில் செவ்வூதாப் புள்ளி, சுற்றி மெல்லிய நீல ஓரம். நுண்ஃபோக்கஸ் திருகை மேலும் கீழும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒட்டுண்ணி செல்லோடு ஒரே தளத்தில் தெளிந்து ஒரே தளத்தில் மங்கும். மெத்தனால் கோளாறால் வந்த வட்டமோ கண்ணாடிச் சில்லு போல மின்னி, ஃபோக்கஸ் மாறும்போது வெள்ளைக்கும் கறுப்புக்கும் தாவும். அதற்குள் நிறமே இருக்காது. சிவப்பணுவின்மேல் ஏறி உட்கார்ந்த பிளேட்லெட் என்றால் அதைச் சுற்றி வெளிறிய வளையம் இருக்கும், உள்ளே துகள்கள் தெரியும். இந்த மூன்றையும் பிரித்தறிய நல்ல நிலையிலுள்ள விரைவு ஸ்டெயின் தாராளமாகப் போதும். காது நுனியில் குத்தி வரும் முதல் துளியில் ஸ்மியர் போட்டால் கிடைக்கும் வாய்ப்பு கூடும். நாள்பட்ட நோயில் ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருக்கும் என்பதால், ஸ்லைடில் காணோம் என்பதற்காக நோய் இல்லை என்று எழுத முடியாது. கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் கேட்க வேண்டியதுதான்.

பபீசியா வோகெலி பெரியது, பேரிக்காய் வடிவில் ஜோடியாக நிற்கும், சிரமமே இல்லை. ஹெப்பட்டோசூன் கேனிஸ் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நியூட்ரோஃபிலுக்குள் நீள்வட்டக் குப்பியாக, பெரும்பாலும் வெளிறித்தான் தெரியும். நியூக்ளியஸ் ஓரமாகத் தள்ளப்பட்டிருப்பதே முதல் துப்பு. எர்லிக்கியா கேனிஸ் பாக்டீரியாவின் மொருலா (கொத்து) மோனோசைட் என்ற வெள்ளையணுவில் கிடைத்தால் அதிர்ஷ்டம்; சாதாரண ஸ்மியரில் அபூர்வம், பஃபி கோட் (ரத்தத்தைச் சுழற்றினால் நடுவில் சேரும் வெள்ளையணு அடுக்கு) ஸ்மியர் போட்டுத் தேடலாம். டிஸ்டெம்பர் என்ற நாய் வைரஸ் நோயில் செல்லுக்குள் தெரியும் இன்க்ளூஷன் விஷயத்தில் இந்தக் கிட் மற்ற ஸ்டெயின்களை முந்திவிடும். சிவப்பணுவிலும் வெள்ளையணுவிலும் சிவந்த உருண்டையாகத் தெளிவாகக் காட்டும்.

சறுக்கும் இடங்களுக்கு வருவோம். மாஸ்ட் செல்லின் ஊதாத் துகள்கள் இதில் ஏறாமலே போகக்கூடும். துகளில்லாத உருண்டைச் செல் என்று வேறு கட்டியின் பெயரை எழுதிவிடும் ஆபத்து உண்டு. பேஸோஃபிலுக்கும் பெரிய துகள் லிம்ஃபோசைட்டுக்கும் இதே கதிதான். ரத்தசோகையில் எலும்பு மஜ்ஜை பதில் சொல்கிறதா என்று பார்க்கும்போது பாலிக்ரோமேட்டிக் செல்லின் நீலச்சாயல் இதில் குறைவாகத்தான் தெரியும், ஆகவே எண்ணிக்கை குறைத்து வரும். நியூ மெத்திலீன் புளூ போட்டு ரெட்டிகுலோசைட்டை (இளம் சிவப்பணு) எண்ணிவிடுவது மேல். பூனைக்கு வெங்காயமோ பாராசிட்டமாலோ போன சந்தேகம் இருந்தாலும் அதே சாயம்தான் தேவை: விரைவு ஸ்டெயினில் ஹைன்ஸ் பாடி (சிதைந்த ஹீமோகுளோபின் கட்டி) சிவப்பணு ஓரத்தில் வெளிறிய புடைப்பாக நழுவிவிடும், நியூ மெத்திலீன் புளூவில் கருநீலமாக நிற்கும்.

ஸ்டெயினைக் குறை சொல்ல முடியாத சில சங்கதிகளும் உண்டு. ஸ்ஃபீரோசைட்டை (நடுவெளிறல் இழந்து உருண்ட சிவப்பணு) நாயில்தான் நம்பிச் சொல்லலாம். பூனை, மாடு, ஆட்டின் சிவப்பணுவில் நடுவெளிறல் இல்லை அல்லது மிகக் குறைவு என்பதால் எந்தச் சாயம் போட்டாலும் அது சிக்கல்தான். வெள்ளாட்டின் சிவப்பணு 3 முதல் 4 மைக்ரான்தான், நாயினுடையதில் பாதி. குதிரை ரத்தத்தில் காசு அடுக்கியது போன்ற ரூலோ இயல்பானது. நியூக்ளியஸ் உள்ள சிவப்பணுக்கள் நிறைய இருந்தால் மெஷின் தரும் வெள்ளையணு எண்ணைத் திருத்தியாக வேண்டும்: அந்த எண்ணை 100-ஆல் பெருக்கி, 100-உடன் நியூக்ளியஸ் சிவப்பணு எண்ணிக்கையைக் கூட்டி வகுக்க வேண்டும். 20,000 வெள்ளையணு, நூற்றுக்கு 25 நியூக்ளியஸ் சிவப்பணு என்றால் உண்மை 16,000.

மாட்டு வைத்தியம் அதிகம் பார்ப்பவர்கள் இந்தக் கிட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. மாட்டு ரத்த ஒட்டுண்ணியான தைலேரியா ஆனுலேட்டாவின் சிறு வடிவங்களுக்கும், நிணநீர்க் கணு ஸ்மியரில் தேடும் கோக் நீல உடல்களுக்கும் (வெள்ளையணுவுக்குள் வளரும் அதே ஒட்டுண்ணியின் வடிவம்) ஜீம்சா ஸ்டெயின்தான் நிம்மதி: மெத்தனாலில் நிலைப்படுத்தி, பிஹெச் 7.2 பஃபரில் 10 சதவீதக் கரைசலாக 20 முதல் 30 நிமிடம். அனாப்ளாஸ்மா மார்ஜினேல் சிவப்பணு ஓரத்தில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான புள்ளி; வண்டல் படிந்த நீல ஜாடியோடு அதைத் தேடுவது வீண் வேலை.

ஆய்வகமாக நடத்துபவர்கள் லீஷ்மனை விட்டுவிட வேண்டாம். நேர்த்தியாகப் போட்ட லீஷ்மன் ஸ்லைடில் துகள்களும் நீலச்சாயலும் காட்டும் நுணுக்கம் இதில் வராது. 2 நிமிடம் நேரடியாக, பிறகு இரட்டிப்புப் பஃபரோடு 7 முதல் 10 நிமிடம் என்ற பொறுமை மட்டும் வேண்டும். தனி கிளினிக்குக்கு விரைவுக் கிட்டோடு ஒரு சிறு பாட்டில் நியூ மெத்திலீன் புளூவும் ஜீம்சாவும் இருந்தால் பெரும்பாலான நாட்கள் ஓடிவிடும். சந்தேக ஸ்லைடுகளுக்காக ஒவ்வொரு முறையும் ஸ்டெயின் போடாத ஒரு ஸ்மியரைக் கூடுதலாகக் காயவைத்து எடுத்து வைக்க வேண்டும்.

வாங்கும்போது பெரிய பாட்டில் மலிவு என்று போக வேண்டாம். தினம் நாலைந்து ஸ்லைடு போடும் இடத்தில் சின்ன பேக்கே சரி. மூன்றும் ஒரே வேகத்தில் தீராது, சாயம் இரண்டில் நீலத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டிவரும். எனவே ஒவ்வொரு கரைசலையும் தனி பாட்டிலாகவும் விற்கும் கம்பெனியா என்று கேட்டு வாங்குங்கள். ஜாடியில் ஊற்றிய தேதியை மூடியில் எழுதி ஒட்டுங்கள்.