ஊட்டியில் மழைநீர்த் தோட்டம்: வேலை நன்றாக இருக்கிறது, பராமரிப்பைப் பேசி வாங்குங்கள்

கோடப்பமந்து கால்வாய் ஓரம் தாழ்வான தெருக்களில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பலமாக ஒரு மழை பெய்தால் போதும், மேட்டுத் தெருக்களின் தண்ணீர் மொத்தமும் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். தெருக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு இங்கே உள்ள ஒரு சிறிய குழுவிடம் மழைநீர்த் தோட்டம், அதாவது ஓடிவரும் மழைநீரைத் தேக்கி மெல்ல வடிய விடும் செடிப் படுகை, அமைக்கும் வேலையைக் கொடுத்தோம்.

வந்த உடனே குழி தோண்ட ஆரம்பிக்கவில்லை, மழை பெய்யும்போது மேட்டிலிருந்து தண்ணீர் கூடவே நடந்து வந்து பார்த்தார்கள். தடுப்புச் சுவரை ஒட்டி வீடு இருக்கும் அண்ணன் ஒருவர் உறிஞ்சுகுழி கேட்டார், கண்டிப்பாக முடியாது என்றார்கள். எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான். சென்னையின் ஸ்பாஞ்ச் பூங்காக்களில் மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்குகிறார்கள், சமதளத்துக்கு அது சரி. செங்குத்துச் சரிவில் அதையே செய்தால் மண் ஊறிக் கனத்து இறங்கிவிடும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியபோது நீலகிரியில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது, 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால் மேலே ஓடையில் கல் தடுப்புகள் வைத்து வேகத்தை மட்டும் குறைத்தார்கள், ஊற விட்டது கீழே சமமான இடத்தில்தான்.

அந்தப் படுகையைச் சொல்ல வேண்டும். அடியில் துளை போட்ட குழாய், அதன் மேல் ஜல்லி, மணல், அப்புறம் இலைமக்கு கலந்த மண், மேலே கோரை. தேங்குகிற தண்ணீர் மறுநாள் காலைக்குள் வடிந்துவிடுகிறது. ஈரத்தில் நன்றாக வருமே என்று காலா லில்லி கேட்டோம், அது நம் சதுப்புகளையே பிடித்துக்கொண்ட வெளிநாட்டுச் செடி என்று மறுத்துவிட்டார்கள், நியாயம்தான்.

குறை என்றால், சாலையோரக் கல்லில் தண்ணீர் நுழைய வெட்டிய வழி ரொம்பக் குறுகல், நாலு டீ கப் வந்தாலே அடைத்துக்கொள்கிறது. மேலே கேரட் தோட்டங்களிலிருந்து வரும் செம்மண், வண்டல் படிவதற்காக வைத்த தொட்டியை ஒவ்வொரு பெருமழைக்கும் நிரப்புகிறது, அள்ளாமல் விட்டால் அந்த நைஸ் களிமண் மணலை அடைத்துப் படுகையே வீணாகும். வேலை முடிந்த பிறகு இதற்கு எத்தனை முறை கூப்பிட்டும் ஆள் வரவில்லை, இப்போது நாங்களேதான் மண்வெட்டி எடுக்கிறோம்.

படுகையின் அடிக்குழாய் வடிவது கால்வாயில்தான், கால்வாயே நிரம்பி ஓடும் நாளில் அந்தத் தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது, அன்றைக்கு இந்த வேலை கை கொடுக்காது. மற்றபடி தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு வருடத்துக்கு வண்டல் அள்ளுவதையும் சேர்த்து எழுதி வாங்கிவிட்டு முன்பணம் கொடுங்கள், கல் வெட்டும்போது பக்கத்தில் நின்று அகலமாக வெட்டச் சொல்லுங்கள்.