சிமேக்: முதல் வரியில் எந்தப் பதிப்பைப் போடுவது?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை லோரிகளை நிறுக்கும் எடைப் பாலத்துக்கு சி பிளஸ் பிளஸ்ஸில் மென்பொருள் எழுதப் போகிறவர்கள், மூல நிரலிலிருந்து ஓடும் நிரலை உருவாக்கும் வேலையை (பில்ட்) ஒழுங்குபடுத்தும் சிமேக் என்ற கருவியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் ஒரே சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பு போதும். காசும் கிடையாது. சறுக்கல் அந்தக் கோப்பின் முதல் வரியில்தான்: தேவைப்படும் சிமேக்கின் குறைந்தபட்சப் பதிப்பு எண்.

பழைய எடுத்துக்காட்டிலிருந்து 2.8 என்று அப்படியே ஒட்டினால், 2025இல் வந்த சிமேக் 4.0 பிழை காட்டி நின்றுவிடும். அது 3.5க்குக் கீழே எதையும் ஏற்காது. 3.31இலோ 3.10க்குக் கீழே போனாலே எச்சரிக்கை வரும். அதற்காக 4.0 என்று போடுவதும் தப்பு. கிராணி அறைக் கணினியில் உபுண்டு லினக்ஸ் 22.04 இருந்தால், அதன் மென்பொருள் நிறுவியான ஆப்ட் தருவது 3.22.1தான், முதல் வரியைத் தாண்டாது.

ஆகவே பில்ட் நடக்கும் கணினிகளை முதலில் கணக்கெடுங்கள். உபுண்டு 20.04இல் 3.16.3, டெபியன் 12இல் 3.25.1, உபுண்டு 24.04இல் 3.28.3. உங்களிடம் உள்ளதில் மிகப் பழையதுதான் உங்கள் எண். நிரலை ஓட்ட மட்டும் செய்யும் கணினிக்கு சிமேக்கே வேண்டாம். ஆனால் 24.04இல் பில்ட் செய்ததை 22.04க்குக் கொண்டுபோனால், லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி பழையது என்று நிரல் கிளம்ப மறுக்கலாம். பழைய உபுண்டுவிலேயே பில்ட் செய்வதுதான் நல்லது.

22.04 உள்ள இடத்துக்கு எங்கள் பரிந்துரை 3.22. பில்ட் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பிரீசெட் கோப்பு 3.19இலேயே வந்துவிட்டது, நூலகங்களை இழுத்து வரும் ஃபெட்ச் கன்டென்ட்டின் சுருக்க வடிவம் 3.14இலேயே உண்டு. சி பிளஸ் பிளஸ் 20 மாட்யூல் வேண்டுமென்றால் மட்டும் 3.28க்குப் போங்கள். எண்ணை 3.22...3.31 என்று நடுவில் மூன்று புள்ளி வைத்து, புரோஜெக்ட் வரிக்கு மேலே எழுதுங்கள். 3.22 உள்ளவரும் பில்ட் செய்யலாம். புதிய சிமேக் வைத்திருப்பவருக்கு 3.31 வரைக்குமான புதிய பாலிசிகள் (சிமேக் நடந்துகொள்ளும் விதிகள்) அமலாகும்.

சிமேக்கின் பெரிய குறை, இந்த எண் காவல் காக்காது என்பதுதான். 3.22 என்று எழுதிவிட்டு, தலைப்புக் கோப்புகளைப் பட்டியலிட 3.23இல் வந்த ஃபைல் செட்டைச் சேர்த்துப் பாருங்கள். 3.28 உள்ள மடிக்கணினியில் சத்தமே இருக்காது. தோட்டத்து அலுவலகத்தில் அதே வரியில் உடையும். தனித்த லினக்ஸ் சூழலை ஓட்டித் தரும் டாக்கரில் உபுண்டு 22.04 இமேஜை எடுத்து, ஆப்ட் தரும் சிமேக்கிலேயே ஒவ்வொரு மாற்றத்தையும் பில்ட் செய்துவிட்டால் இது முன்னாலேயே மாட்டும்.

சிமேக்கை 4.0க்கு ஏற்றிய பிறகு, கூடச் சேர்த்த பழைய சீரியல் போர்ட் நூலகம் பிழை காட்டினால், அதன் கோப்பைத் திருத்த வேண்டாம். சிமேக்_பாலிசி_வெர்ஷன்_மினிமம் என்ற மாறிக்கு 3.5 என்று கட்டளை வரியில் கொடுத்தால் பெரும்பாலும் நகர்ந்துவிடும். அதற்கு முன் பில்ட் கோப்புறையை அழித்துவிடுங்கள். 4.0இல் ஒரே கட்டளையில் புதிதாகத் தொடங்கும் ஃபிரெஷ் வசதியும் உண்டு. ஆனால் அது 3.24இல்தான் வந்தது, 3.22இல் கையால்தான் அழிக்க வேண்டும்.