டிஸ்னிலாண்ட், கலிஃபோர்னியா: வீல்சேரில் இருந்து பார்த்த வரிசைகள்

வீல்சேரில் இருப்பவர்கள் டிஸ்னிலாண்ட் போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால் அனஹைமில் எதிரெதிரே வாசல் வைத்து இரண்டு பார்க்குகள் இருக்கின்றன. ஒன்றுக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால், எல்லோரும் சொல்லும் பழைய டிஸ்னிலாண்டைச் சொல்ல மாட்டேன். எதிரே இருக்கும் கலிஃபோர்னியா அட்வென்ச்சருக்குப் போங்கள் என்பேன். ரைடுகளை வைத்து இதைச் சொல்லவில்லை, வரிசைகளை வைத்துச் சொல்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோ. மதுரையில் வீட்டுக்குள்ளும் ஆபீசிலும் காலிபர் (காலைத் தாங்கும் இரும்புக் கவசம்) போட்டு, கட்டையை ஊன்றி நடந்துவிடுவேன். வெளியே போனால் வீல்சேர்தான். கையில் நல்ல பலம் உண்டு. நாற்காலி உயரத்துக்கு ஏறக்குறைய சமமாக ஒரு இருக்கை இருந்தால் நானே நகர்ந்து மாறி உட்கார்ந்துகொள்வேன். அக்கா குடும்பம் அனஹைமுக்குப் பக்கத்து ஊரான இர்வைனில் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது அக்கா மகள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். காலேஜில் படிக்கும் பெண், பொறுமைசாலி. கூட வருபவர் எப்படிப்பட்டவர் என்பதும் இந்த விஷயத்தில் முக்கியம், அதைப் பிறகு சொல்கிறேன்.

தீம் பார்க்கில் ரைடு சில நிமிஷத்தில் முடிந்துவிடும். நாளின் பெரும்பகுதி வரிசையில்தான் போகிறது. பேச்சு, சிரிப்பு, முறுக்கைப் பிய்த்துப் பங்கு போடுவது, முன்னால் நிற்கும் குடும்பத்தோடு பழக்கமாவது எல்லாமே அங்கேதான். நம் ஊர்ப் பக்கம் என் போன்றவர்களுக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது. ஒரு பார்க், பெயர் வேண்டாம். இரும்புக் கம்பி போட்டு வளைத்து வளைத்துக் கட்டிய வரிசை, ஒரு ஆள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போகும் அகலம். அதன் முடிவில் படிக்கட்டு. "கவலைப்படாதீங்கக்கா, தூக்கிடலாம்" என்று நாலு பையன்கள் வந்தார்கள். அதில் ஒருவன் சக்கரத்தைப் பிடித்துத் தூக்கினான். சக்கரம் சுழலும் பொருள், பிடித்துத் தூக்க முடியாது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவர் போனை எடுத்து வீடியோ பிடித்தார். அந்தப் பையன்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை, நல்ல பிள்ளைகள். படம் வரைந்து கட்டியவர்கள், என்னைப் போல ஒருத்தி டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவாள் என்று நினைக்காமல் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

"நீங்க முன்னாடி போயிடுங்க மேடம்" என்று வழிவிடுவதையும் சொல்ல வேண்டும். அன்பாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு முன்னால் போக வேண்டாம். மற்றவர்கள் முக்கால் மணி நேரம் காத்திருந்தால் நானும் முக்கால் மணி நேரம் அவர்களோடு காத்திருக்கிறேன். அவர்கள் நுழையும் வாசலில் நானும் நுழைய வேண்டும், கேட்பது அவ்வளவுதான்.

இப்போது இரண்டு பார்க்குக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வருகிறேன். டிஸ்னிலாண்ட் திறந்தது 1955 ஜூலையில். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஏ.டி.ஏ. சட்டம் 1990-ல் வந்தது. கலிஃபோர்னியா அட்வென்ச்சர் 2001-ல் திறந்தது. ஒன்று சட்டத்துக்கு முன், இன்னொன்று சட்டத்துக்குப் பின். உள்ளே நுழைந்த பத்தாவது நிமிஷத்தில் அது சக்கரத்தில் தெரிந்துவிடுகிறது. அந்தச் சட்டத்தின் கட்டட விதிகளில் ரைடுகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. வரிசைப் பாதை 36 அங்குல அகலம் இருக்க வேண்டும். சாய்தளம் ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீள வேண்டும். புதிதாகக் கட்டும் ரைடில், வீல்சேரோடு ஏற 30-க்கு 48 அங்குல இடமோ, மாறி உட்காரத் தகுந்த இருக்கையோ, மாற்றி உட்கார வைக்கும் கருவியோ, மூன்றில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். மாறி உட்காரும் இருக்கை ஏறுதளத்திலிருந்து 14 முதல் 24 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும். இதையெல்லாம் படிக்கும்போது வெறும் எண்ணாகத் தெரியும். என் நாற்காலி சக்கரத்துக்குச் சக்கரம் 25 அங்குலம். 36 அங்குலப் பாதையில் இரண்டு பக்கமும் கை முட்டி இடிக்காமல் நானே தள்ளிக்கொண்டு போகலாம். யாரும் பின்னால் நின்று தள்ள வேண்டியதில்லை. அந்தச் சில அங்குலம்தான் எனக்குச் சுதந்திரம்.

கலிஃபோர்னியா அட்வென்ச்சரில் டாய் ஸ்டோரி மிட்வே மேனியாதான் எனக்கு முதல் இடம். வாசலில் மிஸ்டர் பொட்டேட்டோ ஹெட் பொம்மை நின்று வருகிறவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தபடி எல்லோரும் போகும் அதே வரிசையில் நாங்களும் வளைந்து வளைந்து போனோம். பின்னால் வந்த ஒரு சின்னப் பையன் என் சக்கரத்தின் கம்பிகளை எண்ணத் தொடங்கி, திருப்பத்துக்குத் திருப்பம் மறந்துபோய் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். ஏறும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் எங்களைப் பிரித்து, பக்கவாட்டில் உள்ள தனித் தண்டவாளத்துக்கு அனுப்பினார்கள். அங்கே சாய்பலகை வைத்த வண்டி வந்து நிற்கிறது. நாற்காலியை அப்படியே உள்ளே உருட்டிப் பூட்டிக்கொள்ளலாம். இந்தப் பக்கத் தண்டவாளத்தை யோசித்தவருக்கு என் கும்பிடு. நான் ஏறும்வரை மற்ற வண்டிகள் நிற்கவில்லை, அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. "எல்லோரையும் காக்க வைக்கிறோமே" என்ற அவசரம் எனக்கும் இல்லை, வேலை செய்பவருக்கும் இல்லை. பூட்டைச் சரிபார்த்து, பெல்ட்டைப் பார்த்து, நிதானமாக அனுப்பினார். உள்ளே திரையில் வரும் குறிகளைச் சுட வேண்டும். மற்றவர்கள் கயிற்றை இழுத்து இழுத்துச் சுடுவார்கள். இழுக்க முடியாதவர்களுக்கு இந்த வண்டியில் பொத்தான் உண்டு. எனக்குக் கை நன்றாக இருப்பதால் கயிறே போதும். "சித்தி, நீங்க ஏமாத்துறீங்க!" என்று அக்கா மகள் கடைசிவரை கத்திக்கொண்டே வந்தாள். ஏமாற்றவில்லை, சக்கரம் தள்ளித் தள்ளி உரம் ஏறிய கை இது.

அங்கேயே லிட்டில் மெர்மெய்ட் ரைடும் உண்டு. சிப்பி வடிவ வண்டிகள் நிற்காமல் வரும். நகரும் பட்டையில் நடந்து போய் ஏறுவது வழக்கம். வீல்சேருக்கென்று தனிச் சிப்பி இருக்கிறது. அது வரும்போது வேகத்தைக் குறைக்கிறார்கள், தேவைப்பட்டால் நிறுத்துகிறார்கள். சாதுவான ரைடு. வயதான அம்மா அப்பாவோடு போகிறவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள்.

ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் ரேசர்ஸில் நாற்காலியிலிருந்து காருக்குள் மாறியாக வேண்டும். வரிசை நீளம், ஆனால் சக்கரத்துக்கு முழுக்க வழி இருந்தது. செம்மண் பாறை போலக் கட்டியிருக்கும் மலைகளுக்கு நடுவே போவது அலுக்கவில்லை. ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: இரண்டு பார்க்கிலும் ஊழியர்கள் உங்களைத் தூக்க மாட்டார்கள். தூக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. நேரம் கொடுப்பார்கள், வழி சொல்வார்கள், நாற்காலியைப் பத்திரமாக எடுத்து வைத்து இறங்கும் இடத்துக்குக் கொண்டுவந்து தருவார்கள். மாறுவது உங்கள் கையில், அல்லது கூட வருபவர் கையில். முதலில் கேட்டபோது எனக்கு இது கறாராகத்தான் பட்டது. சக்கரத்தைப் பிடித்துத் தூக்கிய அந்தப் பையனை நினைத்துப் பார்த்தால் சரியென்றே படுகிறது. பழக்கமில்லாத கை தூக்குவதைவிட யாரும் தூக்காமல் இருப்பது மேல். ஆனால் சுத்தமாக மாற முடியாதவர்கள், தூக்கி உட்காரவைக்கத் தெரிந்த ஒருவரை உடன் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கூட வருபவர் முக்கியம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

பழைய டிஸ்னிலாண்டில் பல வரிசைகள் குறுகல். சில இடங்களில் படிகள். எழுபது வருஷத்துப் பார்க்கை இடித்துக் கட்ட முடியாது என்பது எனக்கும் புரிகிறது. அவர்கள் செய்திருக்கும் ஏற்பாடு இது: சக்கரம் போகாத வரிசை என்றால், வாசலில் நிற்பவரிடம் கேட்டால் திரும்பி வர ஒரு நேரம் தருவார். அப்போது வரிசையில் எவ்வளவு காத்திருப்போ, ஏறக்குறைய அதே அளவு. அதுவரை வேறெங்காவது சுற்றிவிட்டு, சொன்ன நேரத்துக்கு வேறு வழியாகப் போகலாம். நியாயமான முறை. யாரையும் முந்தவில்லை, யாரும் முகம் சுளிக்க இடமில்லை. இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டில் எல்லோரும் வெளியே வரும் வழியாக உள்ளே போய், வீல்சேர்ப் படகு வரக் காத்திருந்து, நாற்காலியோடு ஏறினேன். ஜங்கிள் க்ரூஸிலும் நாற்காலியோடு ஏறும் படகு உண்டு. இரண்டும் பிடித்தன. ஹாண்டட் மேன்ஷனில் மாறி உட்கார வேண்டும், பட்டையின் வேகத்தைக் குறைத்தார்கள். மேட்டர்ஹார்னை நான் விட்டுவிட்டேன். 1959-ன் ரைடு, வண்டி தரையோடு தரையாக இருக்கிறது. உள்ளே இறங்கிவிடலாம், திரும்ப மேலே வருவதுதான் பாடு.

ஆனாலும் வெளியேறும் வழியாக உள்ளே போவது வேறு அனுபவம். ரைடு முடிந்து சிரித்துக்கொண்டு வருபவர்களுக்கு எதிராக நான் உள்ளே போகிறேன். வரிசைக்கென்று அவர்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய அலங்காரம் எதையும் நான் பார்க்கவில்லை. கதையின் முதல் அத்தியாயம் கிழிந்த புத்தகத்தைக் கையில் கொடுத்த மாதிரி. அதனால்தான் பழைய பார்க்கை இரண்டாவதாக வைக்கிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலர் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று. டி.ஏ.எஸ். (டிஸெபிலிட்டி ஆக்ஸஸ் சர்வீஸ்) என்ற சலுகை வேறு, மேலே சொன்ன திரும்பி வரும் நேரம் வேறு. முன்பு மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு உதவி அட்டை கொடுத்து வந்தார்கள். வசதி படைத்த சிலர் மாற்றுத்திறனாளிகளைக் காசு கொடுத்துக் கூட்டிப்போய் வரிசையைத் தாண்டுகிறார்கள் என்ற செய்தி 2013-ல் பெரிதாக அடிபட்டது. அந்த வருஷம் அக்டோபரில் அட்டையை நிறுத்தி டி.ஏ.எஸ். கொண்டுவந்தார்கள். 2024-ல் அதையும் இறுக்கிவிட்டார்கள். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் வழக்கமான வரிசையில் நெடுநேரம் இருக்க முடியாதவர்களுக்குத்தான் இப்போது அது. நடக்க முடியாது என்ற காரணத்துக்காக மட்டும் கேட்டால் கிடைக்காது, அதற்காக வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். யாரோ சிலர் ஏமாற்றியதற்கு, நிஜமாகவே தேவைப்பட்டவர்கள் விலை கொடுக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம்தான்.

ஏறுவதற்கு முன் நான் எல்லா ரைடிலும் கேட்ட ஒரு கேள்வியை நீங்களும் கேளுங்கள்: "நடுவில் நின்றுவிட்டால் என்னை எப்படி இறக்குவீர்கள்?" இது வெறும் பயமில்லை. 2009-ல் இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் பழுதாகி நின்றது. மற்றவர்களை இறக்கிக் கூட்டிப்போன பிறகும் வீல்சேரில் இருந்த ஒருவர் அரைமணி நேரம் போல அந்த ரைடில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பாட்டைக் கேட்டுக்கொண்டு உள்ளேயே மாட்டிக்கொண்டார். வழக்கு நடந்து 2013-ல் அவருக்கு 8,000 டாலர் கொடுக்கத் தீர்ப்பானது. நான் கேட்ட இடத்திலெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். ஒரு ரைடில், அவசர வழியில் படிகள் உண்டு, உங்களால் இறங்க முடியுமா என்று திருப்பிக் கேட்டார்கள். கட்டை இருந்தால் முடியும் என்றேன், கட்டையையும் வண்டியில் வைக்க இடம் பார்த்துக் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறது. அதன் கீழ் வந்த விதி வெறும் பரிந்துரையாகவே நிற்கிறது, கட்டாயமான தர அளவுகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிது புதிதாகப் பார்க்குகள் வந்துகொண்டிருக்கும் நேரம் இது. கம்பி நடுவதற்கு முன்னால் பாதையை 36 அங்குலமாக அளந்துகொள்வது பெரிய செலவில்லை. நட்ட பிறகு பிடுங்குவதுதான் செலவு.

போகிறவர்களுக்குக் கடைசியாக: டிஸ்னிலாண்ட் ஆப்பில் ஒவ்வொரு ரைடுக்கும் நாற்காலியிலேயே இருக்கலாமா, மாறி உட்கார வேண்டுமா, நடந்தே ஆக வேண்டுமா என்று போட்டிருக்கிறார்கள். முதல் நாள் ராத்திரியே உட்கார்ந்து பாருங்கள். மாற வேண்டிய ரைடுகளைக் காலையில், கையில் தெம்பு இருக்கும்போது முடித்துவிடுங்கள். நாற்காலியோடு ஏறும் ரைடுகளைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சொந்த நாற்காலியைக் கொண்டுபோக முடிந்தால் அதையே கொண்டுபோங்கள். வாடகை நாற்காலி வாசலிலேயே கிடைக்கும். ஆனால் நாள் முழுக்க நீங்களே தள்ளிப் போக, உங்கள் அளவுக்குச் செய்த நாற்காலிதான் தோளுக்கு நல்லது.