கீபோர்டில் சர்வோ ஓட்டுவது: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

நான்கு சர்வோ (சொன்ன கோணத்தில் போய் நிற்கும் சின்ன மோட்டார்) பூட்டிய சின்ன மேசை ரோபோ கை ஒன்றை ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டு வழியாகக் கம்ப்யூட்டர் கீபோர்டில் இரண்டு வருடத்துக்கு மேலாக ஓட்டி வருகிறேன். ஒரு கீயை அமுக்கினால் ஒரு சர்வோ பத்து டிகிரி திரும்புவது அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. நினைத்த இடத்தில் நிற்கிற, தினமும் நம்பி ஓட்டுகிற கையாக அதை ஆக்குவதற்குத்தான் உழைப்பு வேண்டும்.

முதலில் கீபோர்டு. போர்டுக்கு எழுத்து அனுப்ப ஆர்டுயினோ மென்பொருளில் உள்ள சீரியல் மானிட்டர் என்ற ஜன்னல், என்டர் தட்டினால்தான் எழுத்தை அனுப்பும். சோதித்துப் பார்க்க அது போதும், ஓட்டப் போதாது. டெர்மினல் நிரலுக்கு மாறினால் தட்டிய உடனே எழுத்து போகும். ஆனால் கீயை அமுக்கியே பிடித்தால் ஒரு எழுத்து வரும், அரை விநாடி போல ஒன்றும் வராது, அதன்பின் மளமளவென்று கொட்டும். டைப் அடிப்பவர்களுக்காக ஆபரேட்டிங் சிஸ்டம் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு இது. கையில் இது முதலில் ஒரு துள்ளல், பிறகு ஒரு நிறுத்தம், பிறகு ஓட்டம் என்று தெரியும். இரண்டு கீயைச் சேர்த்துப் பிடித்தால் கடைசியாக அமுக்கியது மட்டும்தான் திரும்பத் திரும்ப வரும். தோளையும் முழங்கையையும் ஒரே நேரத்தில் அசைக்க முடியாத கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதற்கு எனக்குப் பிடித்த தீர்வு, எழுத்துகளை அனுப்புவதையே விட்டுவிடுவது. பைத்தான் நிரல்மொழியில் பைகேம் என்ற தொகுப்பைக் கொண்டு எந்தெந்தக் கீ இப்போது அமுங்கியிருக்கிறது என்று பார்த்து, அதை ஒரே பைட்டாக 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை பைசீரியல் என்ற தொகுப்பின் மூலம் அனுப்புகிறேன். பைட்டில் 8 பிட். 4 சர்வோ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு திசை, ஆக 8 கீ. அளந்து தைத்த சட்டை போலப் பொருந்துகிறது. விநாடிக்கு 50 பைட்தான் என்பதால் 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) வேகமே தாராளம். எவ்வளவு வேகத்தில், எதுவரை நகர வேண்டும் என்பதை ஊனோ பார்த்துக்கொள்ளும். 200 மில்லி விநாடி பைட் வராவிட்டால் எல்லாம் நின்றுவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். கேபிள் கழன்றாலும் பைத்தான் நிரல் நின்றுபோனாலும் கை தன்பாட்டுக்குப் போய் இடித்துக்கொள்ளாது. இந்த ஒரு வரியை யாரும் விட்டுவிடாதீர்கள். விலை குறைந்த கீபோர்டுகளில் சில மூன்று கீ சேர்க்கைகள் பதிவாகாது, அதனால் கீகளைத் தேர்ந்தெடுக்கும்போதே சேர்த்து அமுக்கிப் பார்த்துவிடுங்கள்.

சர்வோவுக்குப் போகும் சிக்னல் 20 மில்லி விநாடிக்கு ஒரு பல்ஸ், அதாவது ஒரு சின்ன மின் துடிப்பு. அதன் அகலம்தான் கோணத்தைச் சொல்கிறது. ஆர்டுயினோவின் சர்வோ லைப்ரரி (சர்வோ ஓட்டுவதற்கான தயார் நிரல்) இயல்பாக 544 முதல் 2400 மைக்ரோ விநாடி வரை எடுத்துக்கொள்ளும். பல சர்வோக்கள் அந்த இரு முனைகளையும் தாங்காது. முனையில் முட்டி உறுமிக்கொண்டே கரண்டை இழுக்கும், சூடாகும். ஒவ்வொரு மூட்டுக்கும் தனி எல்லையை அளந்து நிரலில் பூட்டிவிடுங்கள். டிகிரிக் கணக்கை விட்டு மைக்ரோ விநாடிக் கணக்கில் நகர்த்தினால் மெதுவான அசைவில் படிப்படியான வெட்டு குறைகிறது.

கரண்ட் விஷயத்தில் சமரசமே கூடாது. ஊனோவின் யூ.எஸ்.பி. வழியில் 500 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது. நான்கு சர்வோ ஒன்றாகக் கிளம்பினால் வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகும். பார்ப்பவர்கள் நிரலில் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பார்கள். என் கைக்குத் தனி 5 வோல்ட் 4 ஆம்பியர் அடாப்டர், சர்வோ லைனுக்குக் குறுக்கே வோல்டேஜ் சரிவைத் தாங்க 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அடாப்டரின் கிரவுண்டும் ஊனோவின் கிரவுண்டும் கட்டாயம் இணைய வேண்டும், இல்லையென்றால் சர்வோ தாறுமாறாகத் துடிக்கும். பிரெட்போர்டின் (சால்டர் இல்லாமல் கம்பி செருகும் பலகை) மெல்லிய தடங்கள் வழியே சர்வோ கரண்டை விடுவதும் நல்லதில்லை. நான் கம்பியைத் திருகி இறுக்கும் ஸ்குரூ டெர்மினலுக்கு மாற்றிய பிறகு நடுக்கம் கண்ணுக்குத் தெரிந்தே குறைந்தது.

தேய்மானத்தைப் பொறுத்தவரை, 9 கிராம் எடை வகைச் சின்ன சர்வோக்களின் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் தோள் மூட்டில் நீடிக்கவில்லை. பிடி, மணிக்கட்டு போன்ற பாரமில்லாத இடத்தில் இன்றும் நன்றாக ஓடுகின்றன. தோளுக்கு உலோகப் பல்சக்கரம் தேவை. பல் தேயாவிட்டாலும் உள்ளே கோணத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேயும். ஒரே கோணத்தில் அதிக நேரம் நின்ற சர்வோ, அந்தக் கோணத்துக்கு வரும்போது மட்டும் உதறுகிறது. அது வந்துவிட்டால் மாற்றுவதுதான் வழி.

கடைசியாக, தொடக்கமும் முடிவும். சீரியல் போர்ட்டைத் திறந்தாலே ஊனோ ரீசெட் ஆகும், நிரலில் சர்வோவை இணைத்ததும் (attach) அது நடுக்கோணத்துக்குப் பாயும். அதனால் நிரலை மூடும்போது கையை மெதுவாக மடக்கி ஓய்வு நிலைக்குக் கொண்டுவந்து, பிறகே சிக்னலை நிறுத்துகிறேன். திறக்கும்போது அதே கோணத்தை முதலில் எழுதிவிட்டு, அப்புறம்தான் இணைக்கிறேன். சிக்னல் நின்றதும் கை சரிந்து விழாதபடி மேசையில் ஊன்றி நிற்கும் கோணமாக அந்த ஓய்வு நிலை இருக்கட்டும்.