துப்பாக்கிக்கு எந்த எண்ணெய்? தேங்காய் எண்ணெயிலிருந்து பாலிஸ்டால் வரை

ராணுவத்தில் 17 வருடம் இருந்துவிட்டு வந்தவன் நான். இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு வங்கியில் காவலுக்கு நிற்கிறேன், தோளில் 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கியோடு. தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் மாமனாரிடம் ஒற்றைக்குழல் ஒன்று உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்கென்று முறையாக லைசென்ஸ் வாங்கியது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, அதையும் துடைத்து எண்ணெய் போடுகிற வேலை பல வருடமாக என்னுடையது.

எந்த ஆயில் நல்லது என்று லைசென்ஸ்தாரர் யாராவது கேட்டால், வருடத்துக்கு எத்தனை முறை சுடுவீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். "எங்கே சுடறது, பீரோவுலதான் கிடக்குது" என்பார்கள். ராணுவத்தில் ஆயுதம் ஓயாமல் ஓடும். நம் வீட்டுத் துப்பாக்கிக்கு மாதக்கணக்கில் சும்மா நிற்பதுதான் பிழைப்பு. அதனால் நமக்கு வேண்டிய எண்ணெய் நன்றாக வழுக்குகிற எண்ணெய் அல்ல. துரு பிடிக்க விடாமலும், தானே பிசினாகிவிடாமலும் கிடக்கிற எண்ணெய். கீழே எல்லாவற்றையும் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் பார்க்கிறேன்.

மாமா வெகுகாலம் தேங்காய் எண்ணெய்தான் போட்டுவந்தார். "தலைக்கும் அதுதான், துப்பாக்கிக்கும் அதுதான், மாப்பிள்ளை" என்பார். ஒரு மார்கழி விடியற்காலை, ராகி அறுவடை நேரம். துப்பாக்கியைத் திறக்கலாம் என்று லீவரைத் தள்ளினால் பாதியில் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் திறந்து, குழல் காலி என்று பார்த்துவிட்டு, உள்ளே டார்ச் அடித்தேன். கீலைச் சுற்றி வெள்ளை மெழுகு மாதிரி உறைந்திருந்தது. அதில் ராகித் தூசி ஒட்டிக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒரு பசை. தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னை ஒரு குச்சியால் தள்ளிப் பார்த்தேன். உள்ளே போனது, உடனே திரும்பி வரவில்லை. மெதுவாக, தூக்கத்தில் புரள்கிற மாதிரி வந்தது.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பித்துவிடும். தருமபுரி வெயிலில் இது யாருக்கும் தெரியாது. ஆனால் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டில் கார்த்திகை வந்தாலே பாட்டிலை அடுப்போரம் வைத்தால்தான் எண்ணெய் இறங்கும். துப்பாக்கியை அடுப்போரம் வைக்க முடியாது. அப்புறம் உறைவது மட்டும் குறை அல்ல. சமையல் எண்ணெய் எதுவானாலும் நாள்பட்டால் காறிப்போகும். காறினால் அமிலம் சேரும், அமிலம் இரும்பைத் தின்னும்.

நல்லெண்ணெய் இன்னும் மோசம். காற்றுப் பட்டால் மெல்ல இறுகிப் பிசுக்காகும். விளக்கேற்றும் மாடத்தைத் தொட்டுப் பாருங்கள், புரியும். நம் பக்கத்து ஆமணக்கில் ஆட்டும் விளக்கெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் இறுகாது. அந்தக் காலத்தில் பந்தய மோட்டார் எஞ்சினுக்கே அதை ஊற்றியிருக்கிறார்கள். ஆனால் துப்பாக்கியின் சின்ன ஸ்பிரிங்குகளுக்கு அது ரொம்பக் கனம். இறுகுகிற எண்ணெய்க்கும் ஒரு இடம் உண்டு. ஆளிவிதை எண்ணெய் காய்ந்து படலமாகும், அதனால்தான் துப்பாக்கியின் மரக்கட்டைக்கு அது அருமை. உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுச் சூடு வரத் தேய்க்க வேண்டும். இரும்பின் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

அந்த மார்கழிக்குப் பிறகு மாமாவைத் தையல் மிஷின் எண்ணெய்க்கு மாற்றியது நான்தான். தண்ணீர் மாதிரித் தெளிவான மினரல் ஆயில், குளிரில் உறையாது, காறாது, பிசினாகாது. விலையும் கையைக் கடிக்காது, எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும். லீவர், கீல், விசை எல்லாம் வெண்ணெயாக நகர்ந்தன. சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

2024 நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. மார்ச் 16-இல் அறிவிப்பு. வழக்கம்போல் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். முதல் நாள் மாலை குழல் முழுக்கத் தையல் எண்ணெயைத் தடவி, ரெக்சின் உறையில் போட்டுக் கொடுத்தோம். ஏப்ரல் 19-இல் ஓட்டுப்பதிவு, ஜூன் 4-இல் எண்ணிக்கை. அதற்கப்புறம்தான் திரும்பக் கைக்கு வந்தது. உறையிலிருந்து உருவியதும் மாமா ஒன்றும் பேசவில்லை. குழலின் நுனியில் காபிப்பொடி தூவின மாதிரி துரு. நடுவில், கொடுக்கும்போது யாரோ பிடித்த இடத்தில், தெளிவாக ஒரு கட்டைவிரல் ரேகை. வளையம் வளையமாக, அத்தனையும் துருவில். ஓரத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன். என்னுடையதாகவும் இருக்கலாம்.

யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. தையல் எண்ணெய் மெல்லியது. இரண்டரை மாதத்துக்கு மேல் குழல்வாய் மேலே பார்க்க நின்றதில், அத்தனையும் வழிந்து கீழே இறங்கிவிட்டது. இறங்கின எண்ணெய் மரக்கட்டையின் கழுத்தில் ஊறி, அங்கே மரம் கறுத்து மெத்தென்று ஆகியிருந்தது. அதில் துருவைத் தடுக்கும் கூட்டுப்பொருளும் பெரிதாகக் கிடையாது. போதாக்குறைக்கு, விரலின் வியர்வையில் இருந்த உப்பு, ரெக்சின் உறைக்குள் அடைபட்ட ஈரம். தையல் எண்ணெய் ஓடுகிற மிஷினுக்குச் செய்தது. தினமும் ஓடும், தினமும் சொட்டு விடுவார்கள். உள்பாகங்களுக்கு இன்றும் அதையே போடுகிறேன், ஊசிமுனையில் ஒரு சொட்டு. வெளிக் குழலுக்கு, அதுவும் நாள்கணக்கில் வைப்பதற்கு, அது போதாது.

டபிள்யூடி-40 ஸ்பிரேயைப் பலர் துப்பாக்கி ஆயில் என்றே நினைத்திருக்கிறார்கள். 1953-இல் அமெரிக்காவில் ஏவுகணையின் மேல்தகட்டைத் துருவிலிருந்து காப்பாற்றச் செய்தது அது. பெயரின் பொருளே தண்ணீரை விலக்கும் கலவை, நாற்பதாவது முயற்சி என்பதுதான். மழையில் நனைந்த துப்பாக்கியின் இடுக்கிலிருந்து ஈரத்தை விரட்ட அதைவிடச் சுலபமானது இல்லை. ஆனால் பெரும்பகுதி ஆவியாகிப் போகும், மிஞ்சுவது மெல்லிய படலம். அடித்துத் துடைத்துவிட்டு மேலே வேறு எண்ணெய் தடவுங்கள். அடுப்பு, விளக்குப் பக்கம் அடிக்காதீர்கள்.

வண்டிக்கு ஊற்றும் புது 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயில் கீல் பின்னுக்குத் தாராளமாகத் தாங்கும், நிறம்தான் துணியில் படியும். மெக்கானிக் கடையிலிருந்து வரும் கழிவு ஆயில் வேண்டவே வேண்டாம். அதில் அமிலமும் இரும்புத்தூளும் இருக்கும், கைத்தோலுக்கும் கெடுதல். கிரீஸ் கீலில் ஒரு அரிசி அளவு போதும். அதற்கு மேல் போனால் புழுதியை இழுத்து உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும்.

பெரியவர்கள் சிலர் இன்னும் ரங்கூன் ஆயில் இருக்கிறதா என்று கேட்பார்கள். பர்மாவில் எடுத்த மினரல் எண்ணெய் அது. வெள்ளைக்காரன் காலத்தில் துப்பாக்கிக்கு அதுதான் பேர்போனது.

துப்பாக்கிக்கென்றே செய்தவற்றில் எனக்குப் பிடித்தது பாலிஸ்டால். 1904-இல் ஜெர்மனியில் ராணுவத்துக்காக உருவானது. லேசான காரத்தன்மை இருப்பதால் கைவியர்வையின் அமிலத்தை அடக்கும், மரத்துக்கும் தோல் பட்டைக்கும் கெடுதல் செய்யாது, பிசினாகாது. என்னைப் போலத் தினமும் வியர்த்த கையோடு துப்பாக்கியைப் பிடிப்பவர்களுக்கு இதுதான். சிஎல்பி என்று வருபவை சுத்தம் செய்வது, வழுக்குவது, காப்பது மூன்றையும் ஒன்றாகச் செய்யும். நிறையச் சுடுகிற ரைஃபிள் கிளப் ஆட்களுக்கு அது சரி. இரண்டுமே தையல் எண்ணெயைவிடப் பல மடங்கு விலை. மாமாவின் துப்பாக்கிக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் தீர்மானம்.

அவருடையதற்கு இப்போது உள்ளே தையல் எண்ணெய், வெளியே வாசலின். ஆமாம், உதட்டுக்குத் தடவும் அதே வெள்ளை வாசலின், மணம் சேர்க்காதது. பெட்ரோலியத்திலிருந்து வருவதால் காறாது. கெட்டியாக இருப்பதால் வழிந்து ஓடாது. பிரிட்டிஷ் ராணுவமே ஆயுதங்களைக் கிடப்பில் வைக்க இதே வகை மினரல் ஜெல்லியைத்தான் பூசியது. முதலில் உலர்ந்த துணியால் விரல்ரேகை போகத் துடைத்து, பழைய பனியன் துணியில் வாசலினைத் தொட்டு, ஊதினால் பனி படர்கிற அளவு மெல்லிசாகத் தடவ வேண்டும். குழலுக்குள்ளும் அப்படியே, புல்த்ரூ என்கிற சுத்தம் செய்யும் கயிற்றில் துணி கட்டி இழுத்து. உறையில் போடாமல் பருத்தித் துணியில் சுற்றி, குழல்வாய் கீழே பார்க்க நிறுத்துகிறோம்.

ஒரு எச்சரிக்கை. தோட்டா போடுவதற்கு முன் குழலுக்குள் இருக்கும் எண்ணெயோ வாசலினோ அத்தனையையும் உலர்ந்த துணியால் இழுத்து எடுத்துவிட வேண்டும். குழலில் எண்ணெய் தேங்கியிருந்தால் சுடும்போது அழுத்தம் ஏறும், தோட்டாவின் அடியில் பொறி தருகிற கேப்புக்குள் இறங்கினால் அது வெடிக்காமலே போகும். மாமா இதற்கென்று ஒரு வெள்ளைத் துணியைத் தனியாக வைத்திருக்கிறார். அது கறையில்லாமல் வெளியே வரும்வரை இழுத்துக்கொண்டே இருப்பார்.